பாலிஷ் படாத பக்கம்

2024 அக்டோபர் மழையில் செல்லூரில் பெரியம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்து இரண்டு மாதமாகியும் தேக்கு அலமாரியைத் திறந்தால் குப்பென்று பூசண வாடை அடித்தது. "சாம்பிராணி போட்டேன், கற்பூரம் வச்சேன், போகவே மாட்டேங்குதுப்பா" என்றார்.

கீழ் டிராயரை உருவிக் கவிழ்த்துப் பார்த்தோம். முகப்புப் பலகை பளபளவென்று இருக்க, பாலிஷே படாத அடிப்பலகையில் பச்சையும் சாம்பலுமாக மாவு தூவியதுபோல் ஒரு படலம். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. வாடை அங்கிருந்துதான் வந்தது.

மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். மரத்திலுள்ள சர்க்கரையையும் மாவுச்சத்தையும், மேலே படிந்த தூசியையும் தின்று வளரும். அப்போது அது வெளிவிடும் ஆவிகளைத்தான் நாம் முகர்கிறோம். ஆக்டினால் என்பது காளான் வாடை. இன்னொன்று ஜியோஸ்மின், முதல் மழையில் மண் மணப்பதும் இதனால்தான். தண்ணீரில் லட்சம் கோடியில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வாசலில் மணமாக இருப்பது பட்டுப்புடவை மடிப்பில் ஏறினால் தாங்க முடிவதில்லை.

இந்த ஆவிகள் மரத்தின் நுண்துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடும்போது நீர் மூலக்கூறுகள் அந்த இடத்தைப் பிடித்து அவற்றை வெளியே தள்ளும். போன வாடை ஐப்பசியில் திரும்பி வருவது இப்படித்தான். சாம்பிராணி வேறொரு மணத்தை மேலே போர்த்துகிறது, அவ்வளவுதான். சமையல் சோடாவும் இதற்குப் பெரிதாக உதவாது. அது புளிப்பு நாற்றத்தை முறிக்கும், ஜியோஸ்மின் அமிலமே இல்லை.

ஆகவே முதல் வேலை உலர்த்துவது. மதுரை வெயில் இருக்கிறதே என்று மொட்டைமாடியில் போட்டுவிடாதீர்கள். மேற்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். இந்த இழுபறியில் பலகை வெடிக்கும். நிழலில், ஃபேன் காற்றில், டிராயர்களைத் தனியே எடுத்து நிறுத்தி வைப்பதே நல்லது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட்டுப் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் டிராயர் முதலில் 4 கிலோ 350 கிராம் இருந்தது. மூன்று வாரத்தில் 4 கிலோ 20 கிராமுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகளைத் தொடங்கினோம்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே வைத்து, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தோம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் காற்றில் பறக்கும். பிளீச்சிங் வேண்டாம், அதன் குளோரின் மேலேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் மரத்துக்குள் இறங்கிப் பூஞ்சணத்துக்கே உதவும். அப்புறம் மறுபடி காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.

கடைசியாக ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, அடிப்பலகை, பின்பலகை என்று பாலிஷ் படாத இடமெல்லாம் இரண்டு கை பூசினார். எஞ்சிய வாடை மூலக்கூறுகள் வெளியேறாமல் அந்தப் படலம் தடுக்கும். வெளியீரமும் சட்டென்று உள்ளே இறங்காது. ஈரம் போகும் முன் பூசியிருந்தால் ஈரத்தையே உள்ளே அடைத்திருப்போம்.

அடுத்த ஐப்பசியில் பெரியம்மா அந்த டிராயரைத் திறந்து, தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார். அப்புறம் புடவைகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.