அருவிக்கு அரை நாள் போதுமா?

சென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல், ஈரம் காயாத ஜீன்ஸும் சேறு அப்பிய ஷூவுமாக நான்கைந்து இளைஞர்கள் ஒருவரைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தால், எங்கே போய் வருகிறார்கள் என்று எங்கள் செவிலியர்கள் கேட்பதே இல்லை. பெரும்பாலும் ஆந்திரத்தில் உள்ள தடா அருவியாக இருக்கும், இல்லையென்றால் அங்கேயே உள்ள நாகலாபுரம். கணுக்கால் பிசகும் மணிக்கட்டு முறிவும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறாமல் போனவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரைக் காரின் பின்னிருக்கையில் உட்கார வைத்து அழைத்து வந்தார்கள். மடுவில் தலைகீழாகக் குதித்திருக்கிறார். "ஆறடி உயரம்கூட இல்லை சார், போன மாசமும் இதே இடத்துலதான் குதிச்சோம்" என்று நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மழைக்குப் பின் மடுவின் அடித்தளம் அதே இடத்தில் இருப்பதில்லை; வெள்ளம் புதிய பாறையை உருட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கும், கலங்கிய நீரில் அது கண்ணுக்கும் தெரியாது. கையை மடக்கச் சொன்னேன். முழங்கை மடங்கியது, விரல்கள் அசையவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தது. நண்பர்கள் அவரைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கிப் பாறைகளின் மேல் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நடந்திருந்தார்கள். பாறை செய்த சேதம் எவ்வளவு, தூக்கி வந்ததால் நேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களால் இயலவில்லை. அந்த நண்பர்களிடம் அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தலைகீழாகக் குதித்தவர் கை கால் மரத்துப்போனதாகச் சொன்னால், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பிடித்து, நீரிலிருந்து எடுத்துக் கரையில் சமமான இடத்தில் படுக்க வைத்து, அசைக்காமல் 108-க்கு அழைக்க வேண்டும். ஆந்திரத்திலும் அதே எண்தான். மூச்சு நின்றிருந்தால் மட்டும் வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. ஆகவே வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதிவிட்டு, மார்பை 30 முறை அழுத்தி, மறுபடி இரண்டு முறை ஊத வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது நேரத்தை வீணாக்குவதோடு, வாந்தியை மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடவும் கூடும்.

இவை அனைத்தும் விபத்து நடந்த பிறகான வேலைகள். தவறு பெரும்பாலும் சனிக்கிழமை இரவே, "அரை நாள்" என்ற சொல்லில் தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் குழு, வழியில் இட்லியும் காபியும் முடித்து அடிவாரம் சேரும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். ஓடைப் பாறைகளின் மேல் நடந்து பழகாதவர்கள் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கடந்தாலே பெரிது. ஆக, அருவியை அடைவது நண்பகலில். குளித்து, படமெடுத்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முடிக்க மூன்று மணி. களைத்த கால்களும் ஈரமான ஷூவுமாக இறங்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் இன்னும் முன்னதாகவே இருட்டும். நான் கட்டுப் போட்ட கணுக்கால்களில் பெரும்பாலானவை இறங்கும்போது பிசகியவை. ஆகவே திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு மணி என்று வைத்தால், அருவி கண்ணெதிரே தெரிந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

தடா அருவியின் உண்மைப் பெயர் உப்பலமடுகு. தெலுங்கில் மடுகு, தமிழில் மடு; ஆழத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் இடம் அது. விழும் நீருக்கு நேர் கீழே நுரை பொங்கும் இடத்தில் நீரோடு காற்றும் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்குவதில்லை, அடியோட்டமோ உள்ளுக்கு இழுக்கிறது. நீச்சல் குளத்தில் இருபது சுற்று நீந்துபவரும் அங்கே தடுமாறுவார். ஒருவர் தத்தளித்தால் அடுத்தவர் குதிப்பதைவிட, மூடியிட்ட காலி ஐந்து லிட்டர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுவது மேல். மது அருந்தியவர் எவராயினும் நீரில் இறங்கக் கூடாது. இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மலையின் மறுபக்கம் மழை கொட்டும். தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பையைக்கூட எடுக்காமல் மேட்டில் ஏறிவிட வேண்டும். கோடையில் ஆபத்து வேறு வகை. வெயிலில் நடந்தவர் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது சாதாரணக் களைப்பன்று, வெப்பவாதம். பக்கத்திலேயே ஓடை இருக்க, அவரைத் தூக்கிக்கொண்டு கார் வரை ஓடுகிறார்கள். நிழலில் கிடத்தி, ஓடை நீரை மொண்டு உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். பிறகு கொண்டு செல்லலாம். நினைவு தடுமாறுபவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024-இல் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டியோடும் இணைய முன்பதிவோடும் திறந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. முதன்முறை செல்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். தடாவும் நாகலாபுரமும் ஆந்திர வனத்துறையின் கீழ் வருபவை. அனுமதி உண்டா என்று புறப்படுமுன் அவர்களிடம்தான் கேட்க வேண்டும், பழைய யூடியூப் காணொளியிடம் அல்ல.

சென்ற வாரம் என் தம்பி மகன் தொலைபேசியில், "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை எட்டு பேர் போறோம், என்ன மருந்து எடுத்துக்கணும்?" என்று கேட்டான். சுளுக்குக்குச் சுற்றும் மீள்கட்டும் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சொல்லிவிட்டு, மூன்று கேள்விகள் கேட்டேன். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? சிக்னல் கடைசியாக எங்கே கிடைக்கும்? எட்டுப் பேரில் 'போதும், திரும்பலாம்' என்று சொல்லப்போவது யார்? முதலிரண்டுக்கும் பதில் வைத்திருந்தான். மூன்றாவதை வாட்ஸ்அப் குழுவில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி தொலைபேசியை வைத்தான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் போலும்.