சிறையிலிருந்து திரும்பிய பிள்ளைக்குப் பழக்கம் விட்டுவிட்டது என்று நம்பாதீர்கள்

சென்ற மாதம் ஓர் அதிகாலையில், உதடுகள் நீலம் பாரித்த நிலையில் இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். போதைப்பொருள் வழக்கில் இரண்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு, ஜாமீனில் வெளியே வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "நல்லா குறட்டை விட்டுத் தூங்கினான் டாக்டர், ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா தூங்குறானேன்னு எழுப்பாம விட்டுட்டேன்" என்றார் அவருடைய தாயார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. சென்னையில் போதை மீட்புச் சிகிச்சை அளித்துவரும் நான், இந்த ஆண்டில் இப்படியொரு மரணத்தைப் பார்ப்பது மூன்றாவது முறை.

"உள்ளே இருந்தால் திருந்திவிடுவான்" என்ற நம்பிக்கையைப் பெற்றோரிடமும் வழக்கறிஞர்களிடமும் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி நிவாரணி மாத்திரைகளுக்கோ ஹெராயினுக்கோ அடிமையானவரின் உடல், நாள்பட நாள்பட அதிக அளவைத் தாங்கப் பழகியிருக்கும். சிறையில் மருந்து கிடைக்காத சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்துக்கொள்வதால் மூச்சு தளர்ந்து நின்றுபோகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான சுமார் 30,000 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவு மீறிய போதையால் இறக்கும் அபாயம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. சிறை எந்த விதத்திலும் சிகிச்சை ஆகாது.

பிடிபட்ட போதைப்பொருள் எத்தனை கிலோ என்று காட்டி நகரம் பாதுகாப்பாகிவிட்டது என்று போலீசார் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கும் கடைகளையும், கூரியரில் பெட்டி பெட்டியாக வரவழைப்பவர்களையும் பிடிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2018-இல் டிரமடால் என்ற வலி நிவாரணி போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, என்னிடம் வரும் இளைஞர்கள் அதே வகையைச் சேர்ந்த டாபென்டடாலுக்கு மாறினார்களே தவிர யாரும் நிறுத்திவிடவில்லை. இண்டியானாபொலிஸ் நகரில் 2020, 2021 ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், ஓபியாய்டு பறிமுதல் நடந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள், அடுத்த ஏழு நாள்களில், அளவு மீறிய போதை மரணங்கள் எதிர்பார்த்ததைவிட இரு மடங்காக இருந்ததைக் கண்டார்கள். வழக்கமான சரக்கு நின்றதும் பலம் தெரியாத வேறொன்றை வாங்குவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். இறந்துபோகும் இந்தப் பிள்ளைகளும் நகரவாசிகள்தாமே! சோதனை நடத்தும் அதே வாரத்தில் சிகிச்சைக்கும் வழி செய்தால்தான் அந்தத் தெருவுக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? போதைக்கு அடிமையான ஒருவர்மீது பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்து சிகிச்சையை முடிக்கும்பட்சத்தில், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் ஓடிவந்தால் இந்த விலக்கு பறிபோகலாம். முதல் சந்திப்பிலேயே இதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

விடுதலை நாளன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணை அழையுங்கள். ஏக்கத்தைத் தணிக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் உள்ளன; "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா" என்று சொல்லி அவற்றைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் கதவைத் தாழிட்டுத் தனியே தூங்க விடாதீர்கள். வழக்கத்துக்கு மாறான குறட்டை, தொண்டையில் களகளவென்ற சத்தம், எழுப்பினாலும் எழாத உறக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே 108-ஐ அழைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். மூச்சு நின்றிருந்தால் 108-இல் சொல்லும் முதலுதவியைத் தொடங்குங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் எங்களிடம் எதையும் மறைக்க வேண்டாம். ஓபியாய்டு போதையை முறிக்கும் நாலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. என்ன எடுத்தார் என்று தெரிந்தால் அதைச் செலுத்த ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டோம்.