ஒரு கிண்ணம் ஃபோ, ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள்

திருச்சியிலிருந்து வியட்நாமுக்கு நேரடி விமானம் வந்த பிறகு, அங்கே போய்த் திரும்பியவர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகள் கூடிவிட்டன. ஒரு வாசகர் இப்படி எழுதியிருந்தார்: "ஹனோயில் ஒரு சந்துக் கடையில், பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி நூடுல்ஸ் சூப் சாப்பிட்டோம். நட்சத்திர ஓட்டலில் சாப்பிட்டதைவிட அதுதான் ருசி. 'எல்லாம் அஜினோமோட்டோ, உடம்புக்குக் கெடுதல்' என்கிறார் என் மைத்துனர். உண்மையா?"

அஜினோமோட்டோ போட்டிருக்கலாம். அங்கே அதை யாரும் ஒளிப்பதில்லை. வடக்கே 'மீ சின்', தெற்கே 'போட் ங்கோட்' என்று பெயர் வைத்து வெளிப்படையாகவே சமையலில் சேர்ப்பார்கள். ஆனால் அந்த ருசிக்கு அது மட்டும் காரணமில்லை. உண்மையான காரணம் நாக்கில் இருக்கும் ஒரு புரதத்தின் வேலை. எனக்கு மிகப் பிடித்த மூலக்கூறு இயந்திரங்களில் அது ஒன்று.

அந்த மாதிரிக் கடை ஒன்றில் நானும் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். வாசலிலேயே இடுப்புயர அண்டா, பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் மாட்டிறைச்சி. மெனு அட்டை கிடையாது. 'ச்சி ஒய்' என்று கூப்பிட வேண்டும், நம் ஊரில் 'அக்கா' என்பது போல. அந்த அக்கா ஒரு பிடி அரிசி நூடுல்ஸைக் கொதிநீரில் முக்கி எடுத்து, உதறி, கிண்ணத்தில் போட்டார். மேலே காகிதம் போல் சீவிய பச்சை இறைச்சி, ஒரு கை வெங்காயத்தாள். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி கொதிக்கும் சாறு விழுந்ததும் சிவப்பு இறைச்சி கண்ணெதிரே சாம்பல் நிறமானது. 'ஃபோ தாய்' தயார். அந்த நூடுல்ஸ் சூப்புக்குத்தான் 'ஃபோ' என்று பெயர். 45,000 டோங், நம் பணத்தில் சுமார் 150 ரூபாய். (நாம் 'ஃபோ' என்று எழுதினாலும் அவர்கள் 'ஃபா?' என்று கேள்வி கேட்பது போல இழுத்துச் சொல்வார்கள்.)

சாறு எப்படி உருவாகிறது என்பதில் பாதி நீங்கள் பள்ளியில் படித்ததுதான். மாட்டெலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ராத்திரி முழுக்கச் சிறு தீயில் வைக்கிறார்கள். எலும்பையும் தசைநாரையும் கட்டிப் பிடித்திருக்கும் கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாகிறது. உதட்டில் லேசாக ஒட்டும் கொழகொழப்பு அதுதான். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து சாறு கலங்கிவிடும், அதனால்தான் சிறு தீ. நெருப்பில் சுட்ட இஞ்சி, வெங்காயம், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவை வாசனைக்கு. நம் பிரியாணியில் போடும் அதே அன்னாசிப்பூதான். அங்கே சீன எல்லையோர லாங் சோன் மாகாணத்தில் அது நிறைய விளைகிறது.

அப்புறம் கடைசியாக மீன் சாஸ் சேர்கிறது. 'நுவோக் மாம்' என்பார்கள். நெத்திலியை உப்போடு, பெரும்பாலும் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று, பெரிய பீப்பாய்களில் ஒரு வருஷம் போலக் கிடத்துகிறார்கள். உப்பு கெடாமல் காக்கிறது. மீனின் குடலில் இருந்த செரிமான நொதிகள் மீனையே செரித்து, புரதங்களை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. பாட்டில் லேபிளில் '40 டிகிரி' என்று இருந்தால் வெப்பநிலை என்று நினைக்க வேண்டாம். ஒரு லிட்டரில் 40 கிராம் நைட்ரஜன் என்று அர்த்தம். புரதம் எவ்வளவு கரைந்திறங்கியிருக்கிறது என்பதற்கான அளவுகோல் அது. இப்படி வெட்டுப்பட்டு வெளியே வரும் அமினோ அமிலங்களில் முக்கியமானது குளூட்டமேட். நல்ல மீன் சாஸில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 1 கிராம் இருக்கும்.

1908-ல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர், கடற்பாசிச் சாறு ஏன் ருசிக்கிறது என்று தோண்டிப் பார்த்துப் பிரித்தெடுத்தது இதே குளூட்டமேட்டைத்தான். அஜினோமோட்டோ என்பது அதன் சோடியம் உப்பு. அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். நம் அறுசுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை, ஆனால் நம் நாக்குக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913-ல் உலர்ந்த சூரை மீனிலிருந்து இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார். அது இனோசினேட். தசைக்குள் ஆற்றல் நாணயமாக ஓடும் ஏடிபி, உயிர் போனபின் படிப்படியாகச் சிதையும்போது உருவாவது. மாட்டிறைச்சி, கோழி, மீன் எல்லாவற்றிலும் உண்டு. அண்டாவில் கிடக்கும் எலும்பிலும் இறைச்சியிலும் இருந்து சாற்றுக்குள் இறங்குவது இதுதான்.

இனி வருவதுதான் விசேஷம். குளூட்டமேட்டையும் இனோசினேட்டையும் சம அளவில் கலந்தால் ருசி இரண்டு மடங்காவதில்லை. வெறும் குளூட்டமேட்டின் ருசியைப்போல ஏழெட்டு மடங்காகிறது. ஒன்றும் ஒன்றும் ஏழு என்ற இந்தக் கணக்கை ஜப்பானியர்கள் 1950களின் கடைசியிலேயே கவனித்துவிட்டார்கள். ஏன் என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

சுவை மொட்டுகளில் உள்ள உணர்செல்களின் மேற்பரப்பில் டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து நிற்கின்றன. இதுதான் உமாமியின் ஏற்பி என்று 2002-ல் தெரிந்தது. டி1ஆர்1 செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'வீனஸ் பூச்சிப்பொறி'. பூச்சி உட்கார்ந்ததும் இரண்டு இலைமடலும் மூடிக்கொள்ளுமே, அந்தச் செடியின் பெயர். இந்தப் புரதத்துக்கும் இரண்டு மடல்கள், நடுவில் ஒரு கீல். குளூட்டமேட் உள்ளே போய்க் கீலுக்குப் பக்கத்தில் உட்கார்கிறது. மடல்கள் மூடுகின்றன. மூடிய வடிவம்தான் செல்லுக்குள் 'வந்துவிட்டது' என்ற சேதியை அனுப்பும். ஆனால் மூலக்கூறுகளின் உலகில் எதுவும் சும்மா நிற்காது, வெப்பத்தால் சதா ஆடிக்கொண்டே இருக்கும். மடல்கள் மறுபடி திறந்துவிடும், குளூட்டமேட் நழுவி ஓடிவிடும்.

அங்கேதான் இனோசினேட் வருகிறது. அது உள்ளே போவதில்லை. வாசலில், மடல்களின் விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. அதன் பாஸ்பேட் முனைக்கு எதிர்மின்னேற்றம். அந்த விளிம்புகளில் நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, பொறி மூடியபடியே நிற்கிறது. 2008-ல் வெளியான ஆய்வு காட்டிய சித்திரம் இது. கதவைச் சாத்துவது குளூட்டமேட், தாழ்ப்பாள் போடுவது இனோசினேட். இனோசினேட்டை மட்டும் தனியாக நாக்கில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. திறந்து கிடக்கிற கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்?

இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. புரதம் என்றால் என்ன என்றே தெரியாமல், நெத்திலிச் சாற்றை மாட்டெலும்புச் சாற்றில் ஊற்றிய சமையல்காரர்கள் இந்தக் கதவையும் தாழ்ப்பாளையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

ஹனோயில் பழைய ஆட்கள் இதன் மறுபக்கத்தையும் சொல்வார்கள். போர்க்காலத்திலும் அதன்பின் வந்த ரேஷன் காலத்திலும் அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாத ஃபோ கிடைத்தது. போர் நாட்களில் அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானங்கள் தலைக்கு மேல் பறந்தன. ஜனங்கள் அந்தக் கிண்ணத்துக்கும் 'விமானி இல்லாத ஃபோ' என்றே பெயர் வைத்தார்கள். அஜினோமோட்டோவைக் கரைத்தால் கதவு சாத்தும், ஆனால் இறைச்சி இல்லாத இடத்தில் தாழ்ப்பாளுக்கு எங்கே போவது? சைவர்கள் வருத்தப்பட வேண்டாம். உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ள குவானிலேட் அதே தாழ்ப்பாள் வேலையைச் செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வியட்நாமிய பௌத்தர்கள் சாப்பிடும் சைவ ஃபோவின் சாற்றில் காளான் சேர்வது வெறும் அலங்காரத்துக்கு இல்லை.

சரி, மைத்துனரின் பயத்துக்கு வருவோம். 1968-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு வாசகர் கடிதம்தான் இந்தப் பயத்தின் ஊற்று. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதினார். காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்ன பலவற்றில் அஜினோமோட்டோவும் ஒன்று, அவ்வளவுதான். பின்னால் நடந்த சோதனைகளில், தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர்களுக்கே 5 கிராமை வெறும் வயிற்றில் கொடுத்தபோது சிலருக்குத் தலைவலி போன்றவை வந்தன. திரும்பக் கொடுத்தபோது அதே ஆட்களுக்கு அது நிலையாக வரவில்லை. நீங்கள் சாப்பிடும் தக்காளியில் இருப்பதும், தாய்ப்பாலில் இருப்பதும் அதே குளூட்டமேட் அயனிதான். நாக்கின் கதவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 2017-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சேர்க்கும் குளூட்டமேட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 60 கிலோ ஆளுக்கு 1.8 கிராம். அளவு பார்ப்பது அறிவியல். 'விஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மூடநம்பிக்கை, அதை நான் அப்படித்தான் சொல்வேன்.

உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் வேறு இருவர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மீன் சாஸின் உப்புக்காகக் கடைசிச் சொட்டுவரை குடிக்காமல் நிறுத்திக்கொள்வது நல்லது. யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்களும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் இனோசினேட் உடம்பில் கடைசியாக யூரிக் அமிலமாகத்தான் முடிகிறது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஒரு கிண்ணம் சாறு ஏன் ருசிக்கிறது என்ற கேள்விக்கு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் நேரம் செலவிட்டதால்தான் ஒரு புது அடிப்படைச் சுவையே உலகத்துக்குக் கிடைத்தது. தக்காளி போட்டு வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பிலும், யாழ்ப்பாணத்துச் சம்பலில் இடித்துப் போடும் மாசியிலும் இதே தாழ்ப்பாள் இருக்கிறது. மாசி என்பது கொடாமா ஆராய்ந்த சூரைக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. இவற்றை வரிசையாக அளந்து ஆராய ஒரு மாணவருக்கு ஐந்து வருஷ உதவித்தொகை கொடுத்தால் என்ன? சாப்பாட்டு ஆராய்ச்சி இரண்டாந்தரம் என்ற எண்ணம் போக வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. உப்பு போகக் கழுவிய நெத்திலிக் கருவாடு பத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். இன்னொரு டம்ளர் வெந்நீரில் ஒரு சிட்டிகை அஜினோமோட்டோ. இரண்டிலும் ஒரே அளவு கல்லுப்பு. ஒவ்வொன்றையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அப்புறம் மூன்றாவது டம்ளரில் இரண்டையும் பாதிப் பாதி ஊற்றுங்கள். கருவாட்டுச் சாறும் பாதியாக நீர்த்துவிட்டது, அஜினோமோட்டோவும் பாதியாகிவிட்டது. இப்போது குடித்துப் பாருங்கள்.