நினைவு நாணயம் அல்ல, நினைவுப் பதக்கம்

பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் அவர் மனைவி எலிசபெத் அரசியும் 1939-இல் கனடாவைச் சுற்றி வந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு “நினைவு நாணயம்” கொடுத்தார்களாம். தமிழில் இப்படி மொழிபெயர்த்து எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பிள்ளைகள் கையில் கிடைத்தது நாணயம் அல்ல, பதக்கம்.

மெடல் என்ற சொல் இத்தாலிய மொழி வழியாக வந்தது. உலோகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் வேர் என்பது பெரும்பாலோர் கருத்து. பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான் 1438-இல் இத்தாலியின் ஃபெராரா நகரத்துக்கு வந்ததை ஒட்டி, ஓவியர் பிசானெல்லோ அவர் முகத்தை வார்த்த பதக்கத்தையே இந்தக் கலையின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதுவும் ஓர் அரச வருகைதான். தமிழில் பதக்கம், மார்பில் தொங்கும் நகையின் பெயர். மெடலுக்கு அது இயல்பாகப் பொருந்திக்கொண்டது.

சரி, நாணயம் ஏன் கூடாது? நாணயம் என்றால் அரசு மதிப்பு குறித்து வெளியிட்ட பணம். அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். பதக்கத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வேறுபாட்டுக்கு 1939-ஐவிட நல்ல சான்று வேண்டாம். அதே வருகைக்காகக் கனடா ஒரு வெள்ளி டாலரும் வெளியிட்டது. பின்பக்கம் நாடாளுமன்றக் கட்டடம், கூடவே ஒரு டாலர் என்ற மதிப்பு. அதுதான் நினைவு நாணயம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் சில ஆயிரம் பேரே வாழ்ந்த மெல்வில் ஊரில், ஜூன் 3 இரவு அரச ரயிலைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரின் கதையை எழுதும்போது டாலரையும் பதக்கத்தையும் ஒரே பெயரில் அழைத்தால், படிப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

இரண்டும் வட்டம், இரண்டிலும் மன்னர் தலை, இரண்டையும் நாணயச்சாலையே அடிக்கிறது என்பார்கள். அடித்த இடத்தை வைத்தா பொருளுக்குப் பெயர் வைப்பது? இன்னும் சிலர் தூய்மை பேசி, பதக்கம் வடசொல் என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கிவிட்டு அவர்கள் எடுப்பது நாணயத்தை! அதுவும் ‘நாணக’ என்ற வடசொல்லின் வழி வந்ததுதான். தூய தமிழ் வேண்டுமென்றால் காசு இருக்கிறது, ஆனால் அதுவும் பணம்தான்.

தொங்காதது எப்படிப் பதக்கமாகும், ‘நினைவு வில்லை’ என்போமே என்ற வாதம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. வில்லை அழகான சொல். ஆனால் அஞ்சல் வில்லை, மருந்து வில்லை, கண்ணாடி வில்லை என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். நினைவு வில்லை என்றால் பலர் தபால்தலை என்றே நினைப்பார்கள். தவிர, அரச வருகைப் பதக்கங்கள் பலவற்றில் வளையமும் நாடாவும் உண்டு, சட்டையில் குத்திக்கொள்ளத்தான் கொடுத்தார்கள். பதக்கம் என்றதும் போட்டியில் வென்றது என்று தோன்றிவிடும் என்ற அச்சத்துக்கு ‘நினைவு’ என்ற அடைமொழியே போதும்.

உண்மையில் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் சொல் பஞ்சம் அல்ல. ரிசர்வ் வங்கிச் செய்திகளில் ‘நினைவு நாணயம்’ அடிக்கடி வருகிறது. மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்காமல், பழகிய அந்த ஜோடியை அப்படியே ஒட்டிவிடுகிறார். பொருளின் இரு பக்கங்களையும் பார்த்து, மதிப்பு எழுதியிருக்கிறதா என்று ஒரு நிமிடம் கவனித்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்காததால்தான், பதக்கத்தை நாணயம் என்று விற்பவர்களிடம் புதிய சேகரிப்பாளர்கள் ஏமாறுகிறார்கள்.