மலைப்பாதையில் ஆறு கிலோமீட்டர்: நம் இணையம் ஏன் பின்தங்கி ஓடுகிறது?

கேரளத்தின் இடுக்கி மலையில், ஆனக்கரை பக்கத்தில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரின் மகன் தென்கொரியாவில் வேலை பார்க்கிறார். போன மழைக்காலத்தில் விடுப்புக்கு வந்தவர், வீட்டில் இணையம் நின்று நின்று ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "அண்ணே, சியோல்ல சப்வேக்குள்ள கூட வீடியோ நிக்காம ஓடுது. இங்க நம்ம வீட்டுக்குள்ள ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?" என்று கேட்டார். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் குமுளி, வண்டன்மேடு வரை பத்தொன்பது ஆண்டுகளாகக் கேபிள் இழுத்தும் ஒட்டியும் பிழைக்கிற எனக்கு, அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு வந்ததும் பலர் முதலில் கை நீட்டுவது கடலை நோக்கித்தான். கடலடிக் கேபிள் போதவில்லை, அதனால்தான் வேகம் இல்லை என்பார்கள். மும்பை, சென்னை, கொச்சி எனப் பல கரைகளில் நமக்குக் கேபிள்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி மும்பைக் கரையில் குவிந்து கிடப்பது ஓர் ஆபத்து என்பதை மறுக்கவில்லை. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோதும் நம் நாட்டில் இணையம் தடுமாறியது. ஆனால் அவை எப்போதோ நேரும் விபத்துகள். நாம் அன்றாடம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை இப்போது சென்னை, மும்பை போன்ற நகரங்களிலேயே உள்ள சர்வர்களில் சேமிக்கப்பட்டு அங்கிருந்துதான் வருகின்றன. சென்னைவரை நன்றாக வந்த ஒன்று ஆனக்கரையில் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்றால், பழுதைத் தேட வேண்டிய இடம் கடல் அல்ல.

நம் பின்னடைவு, வீட்டுக்குக் கம்பி போடும் வேலையில் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தனியார் இந்தத் தொழிலுக்குள் நுழைய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. அந்த ஆண்டு இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. பின்னாளில் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பொதுத்துறையின் கையில் இருந்த கோடிக்கணக்கான தொலைபேசிச் செம்புக் கம்பிகளை வாடகைக்குப் பெற்று மற்ற நிறுவனங்களும் சேவை தர வழி செய்யலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அரசின் கொள்கை அதை ஏற்கவில்லை. பிரிட்டனும் பிரான்சும் அதே காலத்தில் இந்த வழியைத் திறந்துவிட்டதால், அங்கே ஒரே கம்பியின் மீது பல நிறுவனங்கள் போட்டியிட்டன. இங்கே அந்தக் கம்பிகள் மழையில் நனைந்தும் திருட்டுப் போயும் வீணாயின. குமுளியில் ஒரு காலத்தில் தரைவழித் தொலைபேசி இல்லாத கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இப்போது அந்தக் கம்பங்களில் கொடிதான் படர்ந்திருக்கிறது.

அளவுகோலே தாழ்வாக இருந்தால் சேவை மட்டும் எப்படி உயரும்? நம் நாட்டில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட், அதாவது 2,000 கிலோபிட், ஆனது 2023இல்தான். அமெரிக்கா 2015லேயே அதை 25 மெகாபிட் ஆக்கியிருந்தது. 2024இல் 100 ஆக்கிவிட்டது. தென்கொரியாவோ 1999லேயே கட்டடங்களுக்கு இணைய வசதித் தரச்சான்று வழங்கத் தொடங்கியது. கட்டும்போதே சுவருக்குள் கேபிள் போய்விட்டது. அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது. அங்கே ஒரு கட்டடத்துக்கு ஓர் இழை கொண்டுபோனால் சில நூறு வீடுகள் கிடைக்கும். ஏலத்தோட்டத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மேடும் ஓர் ஓடையும் இருக்கும். பத்து இணைப்புக்காக நான் நான்கு கிலோமீட்டர் கேபிள் இழுத்திருக்கிறேன்.

கம்பி வராத வீட்டுக்குக் கைப்பேசி வந்தது. அதிலும் தாமதம்தான். ஜப்பான் 2001இல் தொடங்கிய 3ஜி சேவையின் அலைக்கற்றையை இந்தியா தனியாருக்கு ஏலம் விட்டது 2010இல். நிறுவனங்கள் பெரும் பணத்தை ஏலத்தில் கொட்டிவிட்டு, வலைப்பின்னல் போடக் கடன் வாங்கின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்து, உலகின் மிக மலிவான விலைகளில் ஒன்றாக ஆனது. இதை நான் குறை சொல்லமாட்டேன். காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் மலையேறி வரும் தோட்டத் தொழிலாளப் பெண்கள், மதிய இடைவேளையில் வீட்டில் இருக்கும் பிள்ளையை வீடியோ அழைப்பில் பார்ப்பது அந்த மலிவால்தான். ஆனால் விளைவு என்னவென்றால், 2024 கணக்கில் ஏறத்தாழ 90 கோடி இணைப்புகள் கைப்பேசி வழியானவை. கம்பிவழி இணைப்புகளோ நான்கு கோடி சொச்சம்.

பெரும்பாலோர் அறியாத செய்தி, கைப்பேசிக் கோபுரத்துக்கும் அடியில் கம்பி வேண்டும் என்பது. உங்கள் கைப்பேசியிலிருந்து கோபுரம்வரைதான் காற்று. அதற்குப் பிறகு கண்ணாடி இழை இருந்தால்தான் வேகம் நிற்கும். 2019இல் தேசிய பிராட்பேண்ட் இயக்கம் தொடங்கப்பட்டபோது நாட்டின் கோபுரங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இழை எட்டவில்லை. அதை எழுபது விழுக்காடாக உயர்த்துவதே இலக்காக வைக்கப்பட்டது. மற்றவை ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு மைக்ரோவேவ் தட்டுகள் வழியே பேசிக்கொள்கின்றன. அந்தத் தட்டின் கொள்ளளவு இழையின் கொள்ளளவுக்கு அருகில் வராது. கனமழை பெய்தால் சமிக்ஞையும் நலியும். கைப்பேசியில் 5ஜி என்று எழுதியிருக்க, மாலை ஏழு மணிக்கு ஒரு புகைப்படம்கூடப் போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் இழையைப் போட்டுவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் எங்கள் தொழிலின் வயிற்றெரிச்சல் இருக்கிறது.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். நாங்கள் பராமரிக்கும் 24 இழைக் கேபிள் அந்தச் சாலையோரமாகத்தான் மேலே வருகிறது. ஓர் ஆகஸ்ட் இரவு, பதினொரு மணிக்கு, ஒரே நேரத்தில் எல்லா வீடுகளிலும் மோடத்தில் சிவப்பு லைட் எரிகிறது என்று அழைப்புகள் வரத் தொடங்கின. இழைக்குள் ஒளியை அனுப்பி, எத்தனை தூரத்தில் அறுந்திருக்கிறது என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியைக் குமுளி முனையில் மாட்டிப் பார்த்தால் 3.8 கிலோமீட்டரில் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. டார்ச்சுடன் போய்ப் பார்த்தோம். கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே பாலம் கட்டும் வேலைக்கு வந்த ஜே.சி.பி., மாலையிலேயே கேபிளை வாளியில் கோத்து இழுத்து அரைகுறையாக விட்டுப் போயிருக்கிறது. இரவில் மண் சரிந்ததும் மிச்சமும் போய்விட்டது. வெட்டு விழுந்தால் அந்த இடத்தில் ஒட்டிவிடலாம். இழுபட்ட கேபிளில் கண்ணாடி உள்ளே எங்கெல்லாம் நொறுங்கியிருக்கும் என்று தெரியாது. இரண்டு பக்கமும் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு சேர்க்க வேண்டியதாயிற்று.

தார்ப்பாயைச் சாலையோர மரத்தில் கட்டி, அதற்குள் குடையும் பிடித்துக்கொண்டு, இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் எந்திரத்தைத் திறந்தோம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்ற வரிசையில் ஒவ்வோர் இழையாக உறை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, முனையை நறுக்கி உள்ளே வைக்க வேண்டும். முடி கனமுள்ள இரண்டு கண்ணாடி முனைகள் திரையில் ஒன்றையொன்று நெருங்கும். ஒரு பொறி தட்டும். இழப்பு எவ்வளவு என்று எண் காட்டும். பனி ஈரம் பட்டால் அந்த எண் கூடிவிடும். மறுபடி வெட்ட வேண்டும். நடுவில் புதுத் துண்டு சேர்ப்பதால் 24 இழைக்கு 48 ஒட்டு. காட்டுமாடு நடமாடும் இடம் என்பதால் ஜீப்பின் முன்விளக்கை அணைக்கவில்லை. கடைசி இழை ஒட்டி மூடியபோது, அன்றைய முதல் தோட்டத்து ஜீப் எங்களைக் கடந்து மேலே போனது.

ஒரு கேபிள் அறுந்ததால் ஓர் ஊர் முழுக்க ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எந்த நல்ல வலைப்பின்னலிலும் இரண்டாவது பாதை இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றொன்று சுமையை எடுத்துக்கொள்ளும். நாங்கள் அதை ரிங் என்போம். எங்களுக்கு அந்த இரண்டாவது பாதை கம்பம்மெட்டு என்ற இன்னொரு மலைப்பாதை வழியாக வர வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. சாலைக்கு ஓர் அலுவலகம், காட்டுக்கு ஓர் அலுவலகம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இரண்டுமே வேறு மாநிலத்தின் அலுவலகங்கள். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட, கேபிள் போட அனுமதி தருவதற்கான வழியுரிமை விதிகள் மனுவின்மீது அறுபது நாளில் முடிவெடுக்கச் சொல்லின; புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. விதி நல்ல விதிதான். எங்கள் கோப்பு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. காட்டைக் காக்கும் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே போட்ட சாலையின் ஓரத்தில் விரல் தடிமனுள்ள ஒரு கேபிளுக்கும், மலையைக் குடைந்து போடும் புதிய சாலைக்கும் ஒரே வகைக் கோப்பு ஏன் என்றுதான் கேட்கிறேன்.

மூன்று மாநில அரசுகள் இதற்குத் தங்கள் வழியில் விடை தேடின. கேரளம் 2023 ஜூன் 5இல் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கி, மின்வாரியக் கம்பங்களிலேயே இழையைக் கட்டிக் கொண்டுபோனது. ஆந்திரம் அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மின்கம்ப வழியில் ஃபைபர்நெட்டைத் தொடங்கியிருந்தது. தமிழ்நாடு, மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக ஊராட்சிகளை இணைக்கும் வேலையைத் தன் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. மின்கம்பத்தில் கட்டுவதற்குக் குழி வேண்டாம், செலவு குறைவு. மரம் விழுந்தால் போய்விடும் என்பது அதன் குறை. மொத்த நாட்டுக்கும் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பதாக 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம்தான் பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2023இல் அதற்கு மீண்டும் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க வேண்டி வந்ததே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். ஊராட்சி அலுவலகப் பெட்டிக்கு இழை வந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு யார் கொண்டுபோவது, அறுந்தால் யார் ஒட்டுவது என்பதற்குத்தான் வெகுகாலம் பதில் இல்லாமல் இருந்தது.

இங்கே ருமேனியா எனக்கு நினைவுக்கு வரும். பணக்கார நாடு அல்ல. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே தெருவுக்குத் தெரு இளைஞர்கள் கம்பத்துக்குக் கம்பம் கேபிள் கட்டி, குடியிருப்புகளுக்குள் சொந்தமாக வலைப்பின்னல் நடத்தினார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. அந்தச் சிறு வலைகளைப் பெரிய நிறுவனங்கள் பின்னர் வாங்கி இழைக்கு மாற்றின; கம்பிவழி வேகத்தில் ருமேனியா ஐரோப்பாவின் முன்வரிசைக்கு வந்தது. நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், கேபிள் டி.வி. அண்ணன்மார்கள்தான். தொண்ணூறுகளில் எந்த அரசுத் திட்டமும் இல்லாமல் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கம்பி கொண்டுபோனவர்கள் அவர்கள். நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஒருவழிப் பாதையாக இருந்த அந்தக் கம்பியை இருவழியாக்கும் முதலீட்டுக்குக் கடனோ, எளிய உரிமமோ அப்போது யாரும் தரவில்லை.

வேகம் மட்டுமல்ல, பாதையும் முக்கியம். குமுளியில் என் வீட்டிலிருந்து, கீழே கூடலூரில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பருக்கு ஒருமுறை, தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்தேன். மலை இறங்கினால் எட்டிவிடும் தூரம். தகவல் கொச்சிக்குப் போய், மும்பைக்குப் போய், சென்னை வந்து, மதுரை வழியாகக் கூடலூர் சேர்ந்தது. உள்நாட்டுத் தகவல் வெளிநாடு சுற்றி வருவதைத் தடுக்க 2003இல் நிக்சி என்ற பரிமாற்ற மையம் அமைக்கப்பட்டது. அதனால் சிங்கப்பூர் சுற்றல் குறைந்தது. ஆனால் நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைக் கைமாற்றிக்கொள்வது இன்னும் சில பெருநகரங்களில்தான் நிகழ்கிறது. புற்றடியிலும் போடியிலும் ஒரே நேரத்தில் அமர்ந்து ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விலை கேட்கும் வியாபாரிகளுக்கு அரை நொடித் தாமதத்தின் மதிப்பு தெரியும்.

ஆனக்கரைத் தம்பி அழைத்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் ஒளி அளவை மீட்டரில் பார்த்தேன்: மைனஸ் 28 டி.பி.எம். மைனஸ் 25க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். ஏலக்காய் ஸ்டோர் கூரையின் மேல், வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளைக் குரங்கு கடித்திருந்தது. மாற்றியதும் மைனஸ் 21 வந்தது. மடிக்கணினியை மோடத்தில் நேராகக் கேபிளால் மாட்டினால், அவர்கள் கட்டணம் கட்டும் 100 மெகாபிட்டில் 94 கிடைத்தது. வைஃபையில் 31தான். மோடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. வேகம் இல்லை என்று புகார் செய்வதற்கு முன் இப்படிக் கேபிளில் மாட்டி, காலை, மாலை, இரவு என மூன்று வேளை அளந்து எழுதி வையுங்கள். இரவில் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் ஒரே இணைப்பைப் பல வீடுகள் பகிர்வதே காரணம். வீட்டு இணைப்பில் ஐம்பது பேர்வரை பகிரலாம் என்று டிராய் 2009லேயே வரம்பு சொல்லியிருக்கிறது. புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த எண் இல்லாமல் அங்கே கதவு திறக்காது.

பீரோவை நகர்த்திவிட்டுப் பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி கேட்டார்: "அப்ப கோளாறு நாட்டுலயா, நம்ம வீட்டுலயாண்ணே?" வீட்டுப் பாதியைச் சரி செய்தாயிற்று என்றேன். அடுத்த விடுப்புக்குள் கம்பம்மெட்டு வழி கேபிள் வந்துவிடுமா என்று கேட்டார். எங்கள் மனுவின் எண்ணை அவருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். சியோலில் இருந்தபடி அவ்வப்போது இணையத்தில் நிலவரம் பார்த்துச் சொல்கிறார்.