‘முதல்நிலை’ ஈரற் புற்றுநோய் என்பது பிழை

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், கணவருக்கு வைத்தியசாலையில் கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தைக் காட்டி, “முதல்நிலை எண்டுதானே போட்டிருக்கு தம்பி, தொடக்கத்திலேயே பிடிச்சிட்டினம்” என்று ஆறுதலோடு சொன்னார். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது பற்றி அத்தாளில் ஒரு சொல்லும் இல்லை. இந்தத் தொடரால் ஏமாந்தவர்களை நான் சந்திப்பது இது முதற்தடவையன்று.

‘முதல்நிலை’ என்பது ‘பிறைமரி’ (primary) என்னும் ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. ‘பிறைமரி’யோ, முதல் என்று பொருள்படும் ‘பிறீமஸ்’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. மருத்துவத்தில் அது புற்று எந்த உறுப்பிலே தோன்றியது என்பதை மட்டுமே சுட்டும்.

‘நிலை’யோ, புற்றுநோய் வளர்ந்த படியைக் குறிக்கத் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட சொல். ஆகவே ‘முதல்நிலை’ என்றதும் வாசிப்பவர் நான்கு நிலைகளுள் முதலாவதையே எண்ணுவார். இதன் சோடியான ‘இரண்டாம்நிலை’ இன்னும் கொடியது: பெருங்குடலில் தோன்றி ஈரலுக்குப் பரவிய புற்று, நிலைக்கணக்கில் நான்காவது, அதற்கு நாம் ‘இரண்டாம்நிலை’ என்று பெயர் எழுதிக் கொடுக்கிறோம். ‘முதன்மை’ என்று திருத்துவோரும் உளர். முதன்மை தலைமையைக் குறிப்பது, தோற்றத்தைக் குறிப்பதன்று. ‘மூலப் புற்றுநோய்’ என்பது தூய தமிழாய்த் தோன்றலாம், ஆனால் மூலம் என்றால் நோயாளிக்கு நினைவில் வருவது ஆசனவாய் வருத்தமே.

தோன்றிய இடத்தைப் பெயரிலேயே சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. குடலிலிருந்து ஈரலுக்கு வந்த புற்றின் கலங்கள் குடற்கலங்களின் இயல்பையே கொண்டிருக்கும், சிகிச்சையும் குடற்புற்றுக்குரியதே. ஈரலிலேயே தோன்றுபவை வேறு. அவற்றுள் பெரும்பான்மை ஈரற்கலப் புற்றுநோய். அது ஆண்களிடம் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகக் காணப்படுவது, பெரும்பாலும் தழும்பேறிய ஈரலில் உண்டாவது. அடுத்தது பித்தக்கான் இழையத்தில் எழுவது. சிறுவர்களிடம், பெரும்பாலும் மூன்று வயதுக்குள், முதிராத ஈரற்கலங்களிலிருந்து வருவது மற்றொரு வகை. இவ்வகைப் பெயர்கள் எல்லாம் பிறப்பிடத்தைச் சொல்ல, பொதுப்பெயர் மட்டும் நிலையைச் சொல்லலாமா?

19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். அத்தகைய மரபுடைய மொழியில் இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் நோயாளியின் முகத்தைப் பாராமல் ஆங்கிலச் சொல்லின் முகத்தையே பார்ப்பது எனக்குப் பெருவருத்தம் தருகிறது.

‘ஈரலில் தோன்றிய புற்றுநோய்’, ‘ஈரலுக்குப் பரவிய புற்றுநோய்’ என்று எழுதுவோம். சொல் நீள்கிறது என்பார்கள்; நீளட்டும். அந்த அம்மாவிடம் இப்படித்தான் விளக்கினேன். சற்று நேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, “அப்ப எத்தினையாம் நிலை எண்டு டொக்டரிட்டைத்தான் கேக்கவேணும்” என்றார்.