கண்ணில் விட்ட சொட்டு நெஞ்சுக்குப் போகும் வழி

கிளாக்கோமா என்ற கண் நோய்க்காக டார்சோலமைடு என்ற சொட்டு மருந்தைப் போடுகிறவர்கள் பலரும் சொல்வது இது: சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் வாய் கசக்கிறது. கண்ணில்தானே விட்டோம், நாக்குக்கு எப்படி வந்தது? கீழிமையைச் சற்றே இழுத்து, மூக்கோரமாகக் கண்ணாடியில் பார்த்தால் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேலிமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணீர் அந்தத் துளைகள் வழியாக ஒரு சிறு பைக்குள் இறங்கி, மூக்குக்குள் வந்து, தொண்டைக்கு வடிகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். சொட்டு மருந்துக்கும் இதே பாதைதான்.

கசப்போடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை என்று ஏற்கெனவே ஒன்றோடு காலம் தள்ளுகிறவருக்குக் கிளாக்கோமாவும் வந்து சேரும்போது, இந்த மூக்கு வழிதான் கவனிக்க வேண்டிய இடமாகிவிடுகிறது.

முதலில் கிளாக்கோமாவைப் பார்த்துவிடலாம். பேச்சில் ‘கண் பிரஷர்’ என்கிறோம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு, இது வேறு. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது, நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை. கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவுக்கும், உள்ளே இருக்கும் லென்ஸுக்கும் ரத்தக் குழாய்கள் கிடையாது, இருந்தால் பார்வையை மறைக்கும். அவற்றுக்கு ஊட்டம் கொடுப்பதில் பெரும்பங்கு இந்த நீருக்குத்தான். வேலை முடிந்த நீர், கார்னியாவும், கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடைத் திசு வழியாக வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. சுரப்பும் வடிகாலும் ஈடாக இருக்கும்வரை கண்ணுக்குள் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். வடிகால் மந்தமானால் ஏறும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அழுத்தம் தாங்காமல் அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த இழை திரும்ப முளைக்காது. அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வையில்தான் முதலில் ஓட்டை விழுகிறது, அதையும் மூளை பக்கத்துக் காட்சியை வைத்து ஒப்பேற்றிவிடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கிளாக்கோமாவின் பொதுவான வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது.

கண்டுபிடித்த பிறகும் கதை சுலபமில்லை. சொட்டு போட்டால் பார்வை கூடிவிடாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அது. ஒரு வாரம் போடாமல் விட்டாலும் எதுவும் தெரியாது. சுகர் மாத்திரையை நிறுத்தினால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே வீட்டில் காட்டிக்கொடுக்க ஆளே இல்லை. அதனால்தான் பலர் பாட்டில் தீர்ந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பலனும் கண்ணுக்குத் தெரியாத வேலையை ஆயுள் முழுக்கச் செய்யச் சொல்கிறோம்.

சரி, சொட்டின் பயணத்துக்கு வருவோம். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். இமைக்குள் எப்போதும் இருக்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். எவ்வளவு முயன்றாலும் 30-க்கு மேல் அங்கே இடம் இல்லை. மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது அந்தத் துளைக்குள் இறங்கும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இமைகள் கண்ணீரைத் துளைக்குள் தள்ளுகின்றன. கார்னியாவைத் தாண்டிக் கண்ணுக்குள் நுழைவது மிகச் சிறிய பங்கு மட்டுமே. மூக்குக்குள் இறங்கியதை அங்குள்ள மெல்லிய சவ்வு உறிஞ்சி நேராக ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

இந்த ‘நேராக’ என்பதில்தான் சிக்கல். மாத்திரையாக விழுங்கும் மருந்து குடலில் இருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். பல மருந்துகளில் கணிசமான பகுதியைக் கல்லீரல் அங்கேயே சிதைத்துவிட்டுத்தான் மிச்சத்தை உடம்புக்கு விடும். மூக்கு வழியாக ஏறுவதற்கு அந்தச் சோதனைச்சாவடி கிடையாது. 1978-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இன்றும் உலகெங்கும் புழங்கும் டிமோலால் சொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.5 சதவீத மருந்தின் ஒரு சொட்டில் இருப்பது 0.2 மில்லிகிராம் அளவுதான். ஆனால் டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், இதயத்துடிப்பின் வேகத்தை மட்டுப்படுத்தும் மருந்து வகை. கண்ணில் நீர் சுரப்பதைக் குறைக்கும் அதே மருந்து, ரத்தத்தில் ஏறினால் மூச்சுக்குழாயை விரித்து வைத்திருக்கும் சமிக்ஞைகளையும் தடுக்கும். ஆஸ்துமாக்காரருக்கு இந்தச் சிறு அளவே வீசிங்கைக் கிளப்பிவிடலாம். நாடித்துடிப்பும் குறையலாம். வயதானவர் மாடிப்படி ஏறும்போது தலைசுற்றுகிறது என்றால் வீட்டில் எல்லோரும் வயசாயிடுச்சு என்று சொல்லிவிடுவோம். கண் சொட்டை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இதயத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு இன்னொரு கோணம் உண்டு. மாத்திரையே கண் அழுத்தத்தையும் ஓரளவு குறைத்துவைத்திருக்கும். எனவே டிமோலாலால் கண்ணுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை குறைவு, இதயத்துக்கு வேகத்தடையோ இரண்டாகிறது. சர்க்கரைக்காரருக்கு, அதுவும் இன்சுலின் போடுகிறவருக்கு, லோ சுகர் வரும்போது படபடப்பும் நடுக்கமும்தான் எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியை அமுக்கிவிடக்கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால் உடனே சுகரைப் பார்ப்பது நல்லது.

இதில் கவனம் தப்பும் இடம் கூட்டு மருந்துகள். லட்டனோபுராஸ்ட், பிரிமோனிடின், டார்சோலமைடு ஆகிய கிளாக்கோமா சொட்டுகள் எல்லாமே டிமோலாலோடு சேர்த்து ஒரே பாட்டிலில் கிடைக்கின்றன. பாட்டிலின் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் மட்டும் இருக்கும், உள்ளே என்ன என்பது பொடி எழுத்தில். கண் சரியாகத் தெரியாதவருக்குக் கொடுக்கும் பாட்டிலில் இவ்வளவு சிறிய எழுத்தா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பாதையைப் பாதியில் அடைக்க ஒரு எளிய வழி உண்டு, செலவும் இல்லை. சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரக் கண் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் பிடித்தால் ரத்தத்தில் ஏறும் அளவு பாதிக்கு மேல் குறைவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். மருந்து கண்ணிலும் கூடுதல் நேரம் தங்கும். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி மருந்தைப் ‘பரப்புவது’ நேர் எதிரான வேலை. அதற்காக ஆஸ்துமாக்காரர் விரலை நம்பி டிமோலால் போடலாம் என்று அர்த்தமில்லை. அவருக்கு வேறு வகை சொட்டுகள் இருக்கின்றன, கண் மருத்துவருக்கு ஆஸ்துமா விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. உடம்புக்குச் சாப்பிடுவது கண்ணைத் தொடும். இதில் முதல் இடம் ஸ்டீராய்டுக்கு. ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறுகிறது, வடிகால் திசு விறைத்து அடைத்துக்கொள்வதால். சிலருக்கு ஏற்றம் ரொம்பவே அதிகம். ஏற்கெனவே கிளாக்கோமா உள்ளவருக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். மாத்திரை, முகத்தில் தடவும் கிரீம், ஓரளவு இன்ஹேலர் கூட இதைச் செய்யலாம். மருந்தை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும், செத்த இழைகள் திரும்பாது. கண் அரிப்புக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடும் சொட்டுதான் இதில் மோசமானது. ஆனால் ஆஸ்துமாவுக்கோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸுக்கோ மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டைப் பயந்துபோய் நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே உலை வைக்கும். கண் அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதுதான் வழி.

அடுத்தது ராத்திரி. தூங்கும்போது ரத்த அழுத்தம் இயல்பாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்குகிறது. படுத்தால் கண் அழுத்தமோ ஏறுகிறது. நரம்புக்கு ரத்தம் பாய்வது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. படுக்கப் போகும்போது பிரஷர் மாத்திரையும் போட்டு, ரத்த அழுத்தம் மேலும் சரிந்தால், பகலில் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் சிலருக்குப் பார்வைப் பரப்பு சுருங்கிக்கொண்டே போகலாம். மாத்திரை நேரத்தை நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. கண் மருத்துவரும் பொது மருத்துவரும் ஒருவர் கொடுத்த சீட்டை மற்றவர் பார்த்தால் போதும். நம் ஊரில் நடக்காததும் அதுதான்.

ஜலதோஷ மாத்திரை அட்டையில் ‘கிளாக்கோமா உள்ளவர்களுக்குக் கூடாது’ என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது முக்கியமாக, வடிகால் மூலை குறுகலாக உள்ளவர்களுக்கு. இந்த மாத்திரைகளால் கண்மணி விரியும்போது ஐரிஸ் மடங்கி அந்த மூலையை அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பித்தம் என்று படுத்துவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். மூலை திறந்திருக்கும் வகை என்றாலோ, லேசரால் ஐரிஸில் துளை போட்டாகிவிட்டது என்றாலோ, பெரும்பாலும் கவலை இல்லை. உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கை. முடக்குவாதம், கை நடுக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அண்ணாந்து பார்த்து அந்தச் சின்னப் பாட்டிலை அமுக்குவதே பெரும்பாடு. 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையாலேயே கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டார். சொட்டு போடுகிறவர் அவ்வளவு பாடுபடத் தேவையில்லை. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூக்கோர மூலையில் சொட்டை விட்டு, அப்புறம் கண்ணைத் திறந்தால் உள்ளே இறங்கிவிடும். இரண்டு வகை சொட்டு இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். லட்டனோபுராஸ்ட் திறந்த பாட்டிலை 25 டிகிரிக்குள் வைத்து ஆறு வாரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் 25 டிகிரிக்கு ஃபிரிட்ஜ்தான் கதி. அதில் ஒரு லாபமும் இருக்கிறது: சில்லென்று விழும் சொட்டு கண்ணுக்குள் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா என்று தொட்டுப் பார்க்காமலே தெரிந்துவிடும்.